மவுசு கூடிய வீடு

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தே சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு கிறிஸ்மஸ் விருந்தில், காட்டெருமைக்கு நான் கடைவாய்ப்பல் பிடுங்கிய விவரத்தைச் சொன்னதிலிருந்து எங்கள் பாஸ்டர் என் கைக்கு எட்டும் தூரத்தில் வேதப்புத்தகத்தை வைப்பதில்லை. ஆகையால் என் மீசையின் மேல் ஆணையிடுகிறேன். நாற்பத்தொன்பது வருஷம் வளர்த்த மீசை. அதற்கு மேல் ஒரு மனுஷன் ஆணையிட என்ன இருக்கிறது?

என் பெயர் தேவநேசன். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவன். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை. கொழுந்து பறிக்கிற ஆட்களைக் காலையில் வரிசையாக நிறுத்தி, பேர் போட்டு, இன்றைக்கு யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புகிறவருக்கு எஸ்டேட்டில் அந்தப் பெயர். வரிசையாக நிறுத்துவதற்குப் பெரட்டு என்று பெயர். நான் ஒரு விசில் அடித்தால் முந்நூறு பேர் நிற்பார்கள். ரிட்டயரான அன்று எஸ்டேட்டில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள், அது ஒரு மாதத்தில் நின்றுபோனது. விசிலை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டு வந்தேன். அது இன்னும் ஓடுகிறது.

எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு, கட்டபெட்டு பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம், நானும் என் மனைவி ஐவியும். முன்னால் ஹால், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் கொட்டகையில் ஒரு பெரிய செங்கல் அடுப்பு. அந்த அடுப்பைப் பார்த்துத்தான் ஐவி வீட்டைப் பிடித்தாள். அவள் வர்க்கி போடுகிறவள். மாவை மடித்து மடித்து விறகுச் சூட்டில் சுட்டெடுக்கிற வர்க்கியை ஊட்டியில் எத்தனையோ பேர் போடுகிறார்கள். ஐவியின் வர்க்கியைக் கடித்தால் மூன்றாவது வீட்டில் நாய் எழுந்து உட்காரும், அப்படி ஒரு மொறுமொறுப்பு. அந்த அடுப்பில் எந்தக் கல் முதலில் சூடேறும், எது கடைசியில் ஆறும் என்று அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷப் பழக்கம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு அவள் காலையில் எழுந்து முதலில் பேசுவது அதனோடுதான், என்னோடு அப்புறம்தான். வீட்டை மாற்றலாம், அடுப்பைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போக முடியுமா?

அந்த வீட்டுக்குத்தான் எலிகள் வந்தன.

சாதாரணமாக வரவில்லை. முதலில் ஒன்று வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. வாடகைக்கு வருகிறவர்கள் பார்க்கிற மாதிரிதான், ஜன்னல், அலமாரி, மச்சு எல்லாம் பார்த்தது. மறுநாள் குடும்பத்தோடு வந்தது. ஒரு வாரத்தில் மச்சுக்கு மேலே ஓட்டச் சத்தம் மழையை மிஞ்சியது. சுவர்க் காலண்டரில் பதினாலாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை தின்றுவிட்டதால் அந்த மாதம் எங்கள் வீட்டில் மட்டும் இருபத்து மூன்று நாள். ஐவியின் பச்சை ஸ்வெட்டர் இடது கையிலிருந்து பிரிய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை முழங்கை போயிருந்தது, ஞாயிற்றுக்கிழமை தோள். அதற்கு அடுத்த புதன்கிழமை, நல்ல பனியில், பச்சைக் குல்லா போட்ட ஓர் எலியை ஜன்னல் கட்டையில் பார்த்தேன். குல்லா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உண்மை பேசுகிறவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மப்ளராகவும் இருக்கலாம்.

"இது வெளிய தெரிஞ்சா என் வர்க்கிய நாய்கூடத் தின்னாது" என்றாள் ஐவி. உடனே ஒரு சட்டம் போட்டாள். வீட்டுக்குள் எலி என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. பெயர் சொன்னால் அதுகள் காதில் விழும், விழுந்தால் மறுநாளே நல்ல சேலையாகப் பார்த்துக் கடித்துப் பழி வாங்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவதுதான். வர்க்கி வாங்க வருகிறவர்கள் காதிலும் விழக் கூடாது என்பது அவளுடைய சொந்தக் காரணம்.

"அப்ப என்னன்னு சொல்றது?"

"மவுஸ்னு சொல்லுங்க. அதுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மவுஸ்தான். இந்த ஒரு சொல்லால் என்ன வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கீழே பஸ் நிறுத்தத்தில் ஆறுமுகசாமி கடை. அன்னூரிலிருந்து வந்து மளிகை, ஆணி, கயிறு, பொறி எல்லாம் விற்கிறவர். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். பசை தடவிய அட்டை ஒன்றைக் கொடுத்தார். காலையில் பார்த்தால் அட்டை முழுக்க டீத்தூளைத் தூவி, அதன் மேல் நடந்து போயிருந்தன. ஓரத்தில் சின்னக் கல் அடுக்கி நடைபாதைக்கு எல்லை வேறு. அடுத்து கம்பிக்கூண்டு கொடுத்தார். உள்ளே கருவாடு மாட்டி வைத்தேன். மூன்றாம் நாள் கதவைத் தாங்களே மூடிக்கொண்டு உள்ளே இரண்டு எலிகள் தூங்கிக்கொண்டிருந்தன. காற்றோட்டமான அறை. என் பழைய கைக்குட்டையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தன. நான் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்ல முடிவு செய்தோம். சொந்தக்காரர் வெள்ளியங்கிரி, காரமடைக்காரர். நல்ல மனுஷன். பதினாலு வருஷத்தில் நான்கு தடவைதான் மலையேறி வந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினேன். நான் தட்டியது மவுஸ். என்னைவிட அதிகம் படித்த போன் அதை மவுசு என்று திருத்திக்கொண்டது. கண்ணாடி போடாமல் நான் அனுப்பிய வாசகம் இது: 'வீட்டில் மவுசு தாங்க முடியாத அளவுக்குக் கூடிவிட்டது. நேரில் வந்து பார்த்து ஆவன செய்யவும்.'

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'ரொம்ப சந்தோசமுங்க. நானும் கேள்விப்பட்டனுங்க. சனிக்கெழம காலைல ஆளோட வர்றனுங்க.'

"இதுல அவருக்கு என்னங்க சந்தோசம்?" என்றாள் ஐவி.

"காரமடைக்காரங்க மரியாதைக்கு அப்படித்தான் எழுதுவாங்க. ஆளோட வர்றாராம். பிடிக்கிற ஆளா இருக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். ஆள் வருகிற செய்தியை அவர் காதில் போட்டு வைத்திருந்தேன், ஆறுமுகசாமி விடவில்லை. நான் பால் வாங்கப் போனபோது கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் புரியாதபடி, எனக்கு மட்டும் உறைக்கும்படி கேட்டார்.

"ஏனுங்க கண்டக்டரே, முந்நூறு ஆள மேச்சனுங்கறீங்க. இத்தினியூண்டு ஆளுகள மேய்க்கறதுக்குக் கீழ இருந்து ஆள் வரோணுமாக்கும்?"

பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏறி வருகிற வழியிலேயே எனக்குப் புத்தி தட்டிவிட்டது. முப்பத்தாறு வருஷத்தில் நான் ஓர் ஆளையும் கூண்டு வைத்தா பிடித்தேன்? பசை அட்டை வைத்தா நிறுத்தினேன்?

மறுநாள் புதன்கிழமை, காலை ஆறரை மணி. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை ஸ்டாக்கிங், பழைய தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஹால் நடுவில் நின்றேன். கையில் செக்ரோல், அதாவது ஆட்களின் பேர் எழுதுகிற நீளப் புத்தகம். மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டு, விசிலை மூன்று தடவை அடித்தேன்.

மச்சுக்கு மேலே சத்தம் நின்றது. பிறகு பூட்ஸ் போடுகிற மாதிரி ஒரு சின்னப் பரபரப்பு. அப்புறம் வந்தன பாருங்கள். கதவுச் சட்டம் வழியாக, அலமாரிக்குப் பின்னாலிருந்து, என் சொந்தக் கோட்டுப் பையிலிருந்து, கொட்டாவி விட்டபடியே வந்து பத்துப் பத்தாக வரிசை கட்டி நின்றன. பதினொரு வரிசையும் இரண்டு பேரும். நூற்றுப் பன்னிரண்டு. முன்னால் காது கிழிந்த ஒரு தடியர் தனியாக நின்றார். பார்த்தவுடனே மேஸ்திரி என்று தெரிந்தது. பக்கத்து எஸ்டேட்டில் மூடிப்போட்ட ஸ்டோரிலிருந்து வந்த கூட்டம் இது. தலைமுறை தலைமுறையாக விசில் கேட்டு வளர்ந்த எலிகள். இவ்வளவு நாள் இவை தொந்தரவு செய்ததற்கு ஒரே காரணம், யாரும் வேலை சொல்லாததுதான்.

சமையலறைப் படியில் நின்ற ஐவி, "அந்தக் கடேசி வரிச கோணலா இருக்குதுங்க" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

பேர் போட்டேன். பிறகு, "எல்லாருக்கும் எமரால்டுக்கு டிரான்ஸ்பர். கேரட் காடு. இப்பவே கெளம்பணும்" என்றேன். மேஸ்திரி ஒரு கணம் யோசித்தார். தலையை ஆட்டினார்.

ஊட்டிக்கு அந்தப் பக்கம் எமரால்டில் தன் காட்டில் விளைந்த கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டுக் காலி லாரியாகத் திரும்புகிற எல்லப்பன், தினம் எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்குக் கீழே நிறுத்தி டீ குடிப்பார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். குட்டியோடு இருந்தவர்களுக்கு முன்பக்கம். பச்சை மப்ளர்காரர் கடைசியில் ஏறி எனக்குக் கை காட்டினார்.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்டது. நான் ஆறுமுகசாமி கடைக்குத் தேவையில்லாமல் நாலு தடவை போய் வந்தேன். ஐவி மச்சையெல்லாம் கழுவிவிட்டு இரண்டு டப்பா வர்க்கி கூடுதலாகப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளியங்கிரி போன் செய்தார்.

"ஏனுங்க தேவநேசன், ஊட்டக் கொஞ்சம் பளிச்சுனு வெச்சிருங்க. நாளைக்குக் காட்டேஜ் நடத்தற கீர்த்திவாசன் தம்பியக் கூட்டிட்டு வர்றனுங்க."

"காட்டேஜா? எதுக்குங்க காட்டேஜ்?"

"நீங்கதானுங்க எழுதுனீங்க, ஊட்டுக்கு மவுசு கூடிப்போச்சுன்னு. மவுசு இருக்கறப்பவே கைமாத்தி உட்ரோணுமுங்க. வேற குடித்தனக்காரனா இருந்தா மறச்சிருப்பான். நீங்க பெரிய மனுசனுங்க. ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்தாப் போதும், அவசரமில்ல."

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "அய்யோ, அது அந்த மவுசு இல்லீங்க. மவுஸ். எலி. ஊடு பூரா எலிங்க" என்றேன். சட்டத்தை மீறி, சத்தமாகவே சொன்னேன்.

மறுமுனையில் ரொம்ப நேரம் சிரிப்பு. "காலி பண்ணோணும்னதும் எலி வந்துருச்சுங்களா? நீங்க இருக்கீங்களே. நாளைக்கு நேர்லயே பாத்துக்கறமுங்க" என்று வைத்துவிட்டார்.

நேரில் காட்டுவதற்கு என் வீட்டில் ஓர் எலி இல்லை. முந்தாநாள்தான் மரியாதையோடு அனுப்பி வைத்திருந்தேன்.

ஐவி அடுப்பின் முன்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அடுப்பு வாயில் ஒரு கல் கொஞ்சம் பெயர்ந்திருந்தது, அதைக் கையால் அழுத்தி உள்ளே தள்ளினாள். பிறகு, "பதினாலு வருசமா ஒரு நாள்கூட இது தீயவிட்டதில்ல" என்றாள்.

"ஐவி, நாளைக்குப் பத்து மணிக்குள்ள அத்தன பேரும் அந்த ஹால்ல நிப்பாங்க. இந்த அடுப்பு உன் கைய விட்டுப் போச்சுன்னா, நான் மீசைய எடுத்துடறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இருந்த மீசை அது. நான் பெண் பார்க்கப் போனபோது அதுதான் முதலில் வாசலுக்குள் நுழைந்தது என்று அவளுடைய அண்ணன் சொல்லுவார்.

"பெரிய டப்பாவ எடுத்துட்டுப் போங்க" என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். அத்தனையும் ஹாலோட நிக்கணும். சமையலறப் படியத் தாண்டி ஒண்ணு வந்தாலும் ஊடும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம். என் வர்க்கிக்குப் பேர் கெடக் கூடாது."

இருபது கிலோ வர்க்கி பிடிக்கிற தகர டப்பா. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் விசிலோடு ஓடினேன். எழுபத்து நாலு வயசில் ஓடினேன் என்றால் நம்ப மாட்டீர்கள். ஊட்டி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது, நான் தொற்றினேன். ஊட்டியில் இறங்கி எமரால்டு பஸ்ஸைப் பிடித்தேன். அது மேடு ஏற முடியாமல் முனகியபோது இறங்கி முன்னால் நடந்து போய் வளைவில் நின்று மறுபடி ஏறிக்கொண்டேன். இரண்டரை மணிக்கு எல்லப்பனின் கேரட் காட்டு வரப்பில் நின்றேன்.

விசிலை மூன்று தடவை அடித்தேன். முதலில் வந்து வரிசையாக நின்றவர்கள் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த பதினெட்டுப் பெண்கள். எல்லாரும் பழைய எஸ்டேட் ஆட்கள், பழக்கம் விடவில்லை. "நீங்க இல்லீங்கம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குள் கேரட் தழைக்கு அடியிலிருந்து என் ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டே நாளில் ஆரஞ்சு நிற மூக்கும் தொப்பையுமாக இருந்தார்கள். எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது. ஏழு பேர் புதிதாகப் பிறந்தவர்கள். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் அவர்களை வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதித்தேன்.

மேஸ்திரியிடம் நேராகவே பேசினேன். "நாளைக்கு ஒரே ஒரு நாள். அரைநாள் வேலை, முழுநாள் கூலிக்குப் பேர். ஐவி கை வர்க்கி. முடிஞ்சதும் லீவு." அவர் என் மீசையைப் பார்த்தார். நான் அவர் மீசையைப் பார்த்தேன். மீசை உள்ளவர்கள் இப்படித்தான் பேசி முடித்துக்கொள்வது. அவர் திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். வரிசையாக டப்பாவுக்குள் இறங்கினார்கள்.

ஊட்டியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில்தான் சோதனை. நல்ல கூட்டம். கண்டக்டர் என் டப்பாவின் மேல் தட்டினார்.

"ஏனுங்க பெரியவரே, டப்பாவுல என்னங்க?"

"வர்க்கி."

"வர்க்கி கீச்சுங்குதுங்களே."

"இப்பத்தான் அடுப்புல இருந்து எடுத்தது. ஆறுறப்ப அப்படித்தான் சத்தம் வரும்."

அவர் குனிந்து காதை வைத்தார். உள்ளேயிருந்து யாரோ தும்மினார்கள். நான் உடனே தும்மினேன். மறுபடி உள்ளே தும்மல், மறுபடி நான். தொட்டபெட்டா திருப்பத்திலிருந்து கட்டபெட்டு வரை பதினேழு தடவை தும்மினேன். ஒரு அம்மா தைலக் குப்பியை எடுத்து நீட்டினார். "ஒரு கண்டக்டர் இன்னொரு கண்டக்டரச் சந்தேகப்படக் கூடாதுங்க தம்பி" என்று சொல்லி இறங்கினேன்.

சனிக்கிழமை காலை, ஆட்களை ஹால் மச்சில் ஏற்றிவிட்டு, மேஸ்திரிக்குச் சமையலறைப் படியைக் காட்டி, இது எல்லை என்று சொல்லி வைத்தேன். பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்தது. வெள்ளியங்கிரி வேட்டியும் மப்ளருமாக இறங்கினார். கூட வந்த கீர்த்திவாசனுக்கு முப்பது வயசு இருக்கும். கோயமுத்தூர் பையன். வந்ததிலிருந்து எதையும் கண்ணால் பார்க்கவில்லை, போனால்தான் பார்த்தார். ஜன்னலைப் பிடித்துப் பார்த்து, "வியூ சூப்பருங்க" என்றார். மச்சைப் பார்த்து, "மரத்த அப்படியே விட்டுறலாம், பழைய லுக்கு" என்றார். பின்பக்கம் போய் அடுப்பின் முன்னால் நின்றார்.

"இதுதானுங்க இடைஞ்சல். இத இடிச்சு எடுத்துட்டா ரெண்டு கார் நிறுத்தலாம்."

ஐவி தட்டில் டீயும் வர்க்கியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அவ்வளவுதான் நான் பார்த்தேன். உடனே அவர்களை ஹாலுக்குக் கூட்டி வந்து, விசிலை எடுத்து மூன்று தடவை அடித்தேன்.

ஒன்றும் வரவில்லை.

"என்னங்க விசிலு?" என்றார் வெள்ளியங்கிரி.

"மூச்சுப் பயிற்சிங்க. டாக்டர் சொல்லிருக்காரு."

மறுபடியும் அடித்தேன். மச்சில் அசைவு இருந்தது, ஆனால் யாரும் இறங்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது பக்கத்து வீட்டு நாய் வந்து என் காலடியில் உட்கார்ந்தது. கீர்த்திவாசன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜை மேல் விரித்தார். "அக்ரிமென்ட் கையோட கொண்டாந்துட்டனுங்க" என்று பேனாவை வெள்ளியங்கிரியிடம் நீட்டினார். வெள்ளியங்கிரி கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். முதலில் சட்டைப் பை. அடுத்து மப்ளருக்குள். கண்ணாடி அவர் நெற்றியின் மேலேயே இருந்தது. நான் சொல்லவில்லை.

சமையலறைப் படியில் தட்டோடு நின்ற ஐவி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மணி என்ன?"

"பத்து."

"பத்து மணிக்கு எந்த எஸ்டேட்டுல பெரட்டு வெக்கிறாங்க? இது டீ டைமுங்க. முப்பத்தாறு வருசம் என்னத்த வேல பாத்தீங்களோ."

டீ டைமில் விசில் அடித்தால் எவன் வருவான்? நானே வர மாட்டேன். முப்பத்தாறு வருஷ அனுபவத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் நான் வெட்கப்பட்டது.

ஐவி படியிறங்கி வந்தாள். தட்டை மேஜையில் வைக்கவில்லை, ஹால் நடுவில் தரையில் வைத்தாள். ஒரு வர்க்கியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, மெதுவாக நொறுக்கினாள். அந்தச் சத்தம் மச்சு வரை ஏறிப் போனதை நான் பார்த்தேன்.

வந்தார்கள். கதவுச் சட்டம் இரண்டிலும் இறங்கினார்கள். காலண்டர் பின்னாலிருந்து, வெள்ளியங்கிரி சாத்தி வைத்த குடைக்குள்ளிருந்து, கீர்த்திவாசன் கழற்றிப்போட்ட ஷூ இரண்டிலிருந்தும். பதினொரு வரிசை, இரண்டு பேர், முன்னால் மேஸ்திரி. கடைசி வரிசைகூட நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொருவராக வந்து ஒரு துணுக்கு எடுத்து, ஐவியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இடத்துக்குத் திரும்பினார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஏழு பேரும் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறைப் படிக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே எல்லாரும் நின்றார்கள். ஒருத்தர் தாண்டவில்லை.

கீர்த்திவாசன் எப்போது நாற்காலி மேல் ஏறினார் என்று தெரியாது. போனை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். மேஸ்திரி நிதானமாக மேஜைக் கால் வழியாக ஏறி, அக்ரிமென்டின் மேல் உட்கார்ந்து, கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் வட்டமாகத் தின்றார். ஓரம்கூடக் கிழியவில்லை.

"இதுகளா... மவுசு?" என்றார் வெள்ளியங்கிரி.

"இதுதானுங்க மவுசு. தாங்க முடியாத அளவுக்குக் கூடிருச்சுன்னு எழுதினேனே."

"நா வேற மவுசுன்னு நெனச்சுப்போட்டனுங்க."

அதற்குள் கீர்த்திவாசன் நாற்காலியிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து வாசலுக்குமாகத் தாவிக் கார் ஏறிவிட்டார். தரையில் கால் வைக்கவே இல்லை. ஷூ இன்னும் இங்கேதான் இருக்கிறது, ஒன்றில் மப்ளர்காரர் குடும்பம் இருக்கிறது. சத்தம் கேட்டு மேலே வந்த ஆறுமுகசாமி வாசலில் நின்று அந்தப் பதினொரு வரிசையையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கண்டக்டருங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளியங்கிரி கால்களை மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்த ஒரு வர்க்கியை எடுத்துக் கடித்தார். கீழே எங்கேயோ நாய் எழுந்து உட்கார்ந்தது. இரண்டாவதையும் எடுத்தார்.

"ஏனுங்கம்மா, இது அந்த அடுப்புலதான் போட்டதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அத இடிக்க வேண்டாமுங்க. நீங்களே இருங்க. உங்க காலம் இருக்கற வரைக்கும் இருங்க" என்று சொல்லி, கீர்த்திவாசன் காரோடு போய்விட்டதால் பஸ் ஏறிக் காரமடைக்குப் போனார்.

பேச்சு பேச்சுதான் என்று ஆட்களுக்கு முழுநாள் பேர் போட்டு, லீவு கொடுத்து அனுப்பினேன். ஐவி பின்பக்கம் போய் அடுப்பில் விறகைத் தள்ளினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆணையிட்ட பொருளைப் பற்றியும் ஒரு விவரம் சொல்லிவிடுவதுதான் முறை. ஐவிக்குக் கொடுத்த வாக்குப்படி மீசையை நான் எடுத்து, வருகிற ஜூனோடு இரண்டு வருஷம் ஆகிறது.